கொழும்பு நேரமும் ஜிஎம்டி மணிக்கூடும்: இந்த அரை மணியை என்ன செய்வது?

அஞ்சரை (வெள்ளவத்தை), சனி இரவு 9.40

இரண்டு வருடமாக எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது ஒரு கேள்வியோடு வருகிறேன்.

நாற்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே ஒரு புது மெக்கானிக்கல் மணிக்கூடு வாங்குவதென்று வீட்டில் அனுமதி எடுத்தாகிவிட்டது. (அனுமதிக்கே பதினொரு மாதம் போனது.) அக்கா சிட்னியில், தம்பி லண்டனில், அம்மா என்னோடு. ஆகவே ஜிஎம்டிதான் (இன்னொரு ஊர் நேரத்தையும் காட்ட நாலாவதாக ஒரு 24 மணி முள் உள்ள மணிக்கூடு) என்று முடிவு. மனதில் மூன்று நிற்கின்றன: 2024 இல் வந்த டியூடர் பிளாக் பே 58 ஜிஎம்டி, லொஞ்சின் ஸ்பிரிட் சூலு டைம் 39 மிமீ, கிராண்ட் செய்கோவின் அந்த வெண்ணெய் நிற முகப்புக்காரன் எஸ்பிஜிஎம்221.

பழகிப் பார்க்கலாமென்று போன கிழமை நண்பனின் செய்கோ 5 ஜிஎம்டியை இரவல் வாங்கிக் கட்டினேன். அங்கேதான் வில்லங்கம். நாலாவது முள்ளை லண்டனுக்கு வைக்கப் போனால், அது ஒரு மணியில் நிற்கிறது, இல்லாவிட்டால் அடுத்த மணியில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. எங்களுக்கும் லண்டனுக்கும் இடையில் இருப்பதோ இப்போது நாலரை மணித்தியாலம்.

பதின்மூன்று இலட்சத்துக்கு மேல் கொடுத்து, எப்போதும் அரை மணி பிழையாகக் காட்டும் ஒன்றையா வாங்கப் போகிறேன்? கொழும்பில் ஜிஎம்டி கட்டுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

நீலமுகப்பு (கொள்ளுப்பிட்டி), சனி இரவு 10.15

வாருங்கள் தம்பி. இரவல் மணிக்கூட்டில் கோளாறு இல்லை. பற்சக்கரம் அப்படி.

24 மணி முள் சாதாரண மணி முள்ளின் அதே சக்கர வரிசையிலிருந்துதான் ஓட்டம் வாங்குகிறது, ஆனால் பாதி வேகத்தில். மணி முள் நாளுக்கு இரண்டு சுற்று, இது ஒரு சுற்று. இரண்டு இடத்து நேரம் காட்ட வேண்டுமானால் இரண்டில் ஒன்று மற்றதை அசைக்காமல் தனியாகத் தாவ வேண்டும். தாவுவதற்கு உள்ளே நட்சத்திர வடிவத்தில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதன் ஒரு படி ஒரு மணித்தியாலம். நடுவில் நிற்க அதற்குப் பள்ளம் இல்லை.

உங்கள் நண்பனின் செய்கோவில் தாவுவது 24 மணி முள். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பவருக்கு அது வசதி. நீங்கள் எழுதிய மூன்றிலும் தாவுவது உள்ளூர் மணி முள். விமானம் ஏறி இறங்குபவருக்கு அது வசதி. இரண்டாவது வகையைத்தான் நம் கூட்டம் "அசல் ஜிஎம்டி" என்று சொல்லிப் பெருமைப்படும். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. உங்களைப் போல் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அக்காவின் நித்திரை குழம்பாமல் அழைக்க நினைப்பவருக்கு முதல் வகை ஒன்றும் குறைவில்லை.

சரி, சக்கரத்தில் அரை மணிப் படி வெட்டினால் தீர்ந்துவிடுமா? தீராது. நிமிட முள் ஒன்றுதானே. அது பன்னிரண்டில் நிற்கும்போது மணி முள்ளை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால், பார்ப்பவருக்கு மணிக்கூடு பழுதாகிவிட்டது போலத்தான் தெரியும்.

1950களின் நடுவில் ரோலெக்ஸ் முதல் ஜிஎம்டி-மாஸ்டரைச் செய்தது பான் ஆம் விமானிகளுக்காக. நியூயோர்க்குக்கும் லண்டனுக்கும் இடையே முழு மணித்தியாலங்கள்தான். அரை மணிக்காரர்களை யார் நினைத்தார்கள்?

கோட்டை_ரயில், சனி இரவு 10.31

போனில் உலக நேரம் இருக்கிறது. இலவசம். அரை மணியும் சரியாகக் காட்டும். நன்றி, வணக்கம்.

சாவிக்காரன் (பம்பலப்பிட்டி), சனி இரவு 10.38

@கோட்டை_ரயில் வழக்கமாக ஐந்தாவது பதிவில்தான் வருவீர்கள், இன்று மூன்றாவதிலேயே வந்துவிட்டீர்கள். போனுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் செக்கனுக்கு 32,768 தரம் துடிக்கிறது, நாங்கள் பேசுகிற மணிக்கூடுகள் செக்கனுக்கு ஆறிலிருந்து எட்டுத் தரம் டிக் என்கின்றன. நேரத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் 1969 டிசம்பரில் செய்கோ அஸ்ட்ரோன் வந்த அன்றே எல்லோரும் கடையை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

அஞ்சரை, நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். உங்கள் சிக்கலுக்கு வழி இருக்கிறது.

பழைய_நேரம், ஞாயிறு காலை 6.05

இந்தப் பெயரை நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இன்று சொல்லிவிடுகிறேன்.

1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைப் பின்னே இழுத்தது. அப்புறம் 2006 சித்திரை வருடப்பிறப்பு வரை நாங்கள் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தி இருந்தோம். அதாவது இந்தத் தம்பி கேட்கிற முழு மணித்தியால வாழ்க்கையைப் பத்து வருடத்துக்குக் கிட்ட வாழ்ந்திருக்கிறோம். அந்தக் காலத்தில் ஜிஎம்டி வாங்கியிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. வாங்கக் காசுதான் இல்லை.

ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு நான் வேலை விஷயமாக மாதம் இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் வந்தேன். வவுனியாவில் புதிய நேரம். ஓமந்தை தாண்டினால் அரை மணி குறையும். முகமாலை தாண்டினால் குறைந்த அரை மணி திரும்ப ஏறும். ஒரே வீதி, ஒரே வெயில். கிளிநொச்சியில் ஒருவரைப் பத்து மணிக்குச் சந்திப்பதென்றால் "பழைய பத்தா, புதிய பத்தா?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கையில் இருந்தது ஒரு சிட்டிசன் ஓட்டோமட்டிக். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைத் திருக மனம் வரவில்லை. பழைய நேரத்திலேயே விட்டுவிட்டு, புதிய நேரப் பக்கம் வந்தால் நிமிட முள்ளுக்கு நேர் எதிரே பார்ப்பேன். அரை மணி வித்தியாசம் என்றால் நிமிட முள்ளின் வால் முனை காட்டுவதுதான் மற்ற இடத்து நிமிடம். யாரும் சொல்லித் தரவில்லை, மூன்றாவது பயணத்தில் தானாகப் பிடிபட்டது.

மகனுடைய கசியோவில் கொழும்பு இல்லை. டாக்கா என்று வைத்திருந்தான். அது சரியாக ஆறு மணித்தியாலம்.

அஞ்சரை, ஞாயிறு காலை 8.20

ஐயா, இதை வாசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடு மாட்டியிருந்ததாம். எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது.

முள்ளின் வால் முனை என்பது நான் யோசிக்காத ஒன்று. ஆனால் அது நிமிடத்தைத்தான் தருகிறது. மணிக்கு இன்னும் மனக்கணக்குத்தான், இல்லையா?

மழைக்கவசம் (கொட்டாஞ்சேனை), ஞாயிறு காலை 9.02

அரை மணியை விடுங்கள். கிராண்ட் செய்கோவைப் பட்டியலிலிருந்து எடுங்கள். அழகு என்பதில் மறுபேச்சில்லை, அந்த முகப்பைப் பார்த்தால் எனக்கும் கை ஊறும். ஆனால் 30 மீற்றர் நீர்த்தாங்குதிறன், தோல் வார். நீங்கள் இருப்பது வெள்ளவத்தை. மரைன் டிரைவில் பின்னேரம் நடந்தால் கண்ணாடியில் உப்புப் படிகிற ஊர். இந்த ஊர் வியர்வையில் தோல் வார் ஒரு வருடம் தாங்கினால் அதிசயம், வாசனை அதற்கு முந்தியே வந்துவிடும். டியூடர் 200 மீற்றர், லொஞ்சின் 100 மீற்றர். உருக்குப் பட்டி அல்லது ரப்பர்.

நான் பட்டது ஒன்று. சில வருடத்துக்கு முன் ஒரு சுழியோடி மணிக்கூட்டைச் சாதாரண சேர்விசுக்குக் கொடுத்தேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பின்மூடியைத் திறந்தவர் ரப்பர் வளையத்தை மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார். அழுத்தச் சோதனையும் செய்யவில்லை. ஐப்பசி மழையில் ஓட்டோவிலிருந்து இறங்கி வாசல் வரை ஓடினேன், அவ்வளவுதான். குளிரூட்டி அறைக்குள் போனதும் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி. இரண்டு கிழமையில் முகப்பில் கறை. 200 மீற்றர் என்று முகப்பில் எழுதியிருப்பது புது மணிக்கூட்டின் கணக்கு. திறந்து மூடிய பிறகு அதை மூடியவரின் கணக்குத்தான்.

நீலமுகப்பு, ஞாயிறு காலை 9.30

மழைக்கவசம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காந்தம். போன் உறையின் காந்த மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான், ஸ்பீக்கர். சமநிலைச் சக்கரத்தின் மயிரிழைச் சுருள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மணிக்கூடு தலைதெறிக்க ஓடும், நாளுக்கு நிமிடக் கணக்கில். பயப்பட ஒன்றுமில்லை, காந்தம் நீக்கும் கருவியில் சில செக்கன் வேலை. 58 ஜிஎம்டி மெட்டாஸ் (சுவிஸ் அளவியல் நிறுவனம்) சான்றிதழ் பெற்றது, 15,000 காஸ் காந்தப்புலத்திலும் ஓட்டம் நாளுக்குப் பூச்சியத்திலிருந்து கூட ஐந்து செக்கனுக்குள் நிற்க வேண்டும். லொஞ்சினில் சிலிக்கன் சுருள். இரண்டும் இந்த விஷயத்தில் கவலையில்லை.

காலிமுகத்திடல்_காற்று, ஞாயிறு காலை 10.11

எல்லோரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? மணிக்கூட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். லண்டன் நேரம் தெரியும். யூனியில் ஒரு நண்பன் காட்டித் தந்தான்.

சாவிக்காரன், ஞாயிறு காலை 10.25

தம்பி சொல்வது விளையாட்டில்லை. தலைகீழாக்கினால் மணி முள் ஆறு மணித்தியாலம் நகர்கிறது, நிமிட முள் அரை மணி நகர்கிறது. ஆறிலிருந்து அரை போனால் அஞ்சரை. இங்கே பிற்பகல் மூன்று மணி: புரட்டினால் மணி முள் ஒன்பதில், நிமிட முள் ஆறில். ஒன்பதரை. மணி முள் ஒன்பதரைக்கு நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்காது, ஆனால் வாசித்துவிடலாம். பழைய_நேரம் ஐயாவின் வால் முனையும் இதே கணக்கின் பாதிதான்.

இலக்கம் எழுதாத, கோடு மட்டும் போட்ட முகப்பாக இருந்தால் இன்னும் சுகம்.

அஞ்சரை, ஞாயிறு காலை 10.52

இப்போதே செய்து பார்த்தேன். ஒரு மணித்தியாலம் பிழைக்கிறதே?

சாவிக்காரன், ஞாயிறு காலை 10.55

இது ஆடி மாதம். அங்கே கோடை நேரம். வித்தியாசம் இப்போது நாலரை. ஐப்பசிக் கடைசியில் அவர்கள் மாற்றியதும் உங்கள் மணிக்கூடு தலைகீழாகத் திருந்திவிடும்.

கோட்டை_ரயில், ஞாயிறு காலை 10.58

13 இலட்சம் கொடுத்துவிட்டுத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

சாவிக்காரன், ஞாயிறு பிற்பகல் 2.40

சாப்பாடு முடிந்தது. இப்போது சொல்லவந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் முள்ளைப் பற்றியே பேசுகிறீர்கள், வளையத்தை மறந்துவிட்டீர்கள். என் கையில் இருப்பது டியூடரின் 2018 வடிவம், 41 மிமீ பிளாக் பே ஜிஎம்டி, நீலமும் சிவப்பும். கண்ணாடியைச் சுற்றி 24 மணி இலக்கம் பொறித்த அதன் வெளி வளையம் இரண்டு பக்கமும் சுழலும், முழுச் சுற்றுக்கு 48 சொடுக்கு. 24 மணித்தியாலத்துக்கு 48 என்றால் ஒரு சொடுக்கு அரை மணி. வாங்கும்போது இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்கு ரயிலில் நின்றுகொண்டு, செய்ய வேறு வேலையில்லாமல் சுற்றி எண்ணியபோது தெரிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். 24 மணி முள்ளைக் கொழும்பு நேரத்துக்கே வையுங்கள். ஆம், உள்ளூர் நேரத்துக்கே, வெளிநாட்டுக்கு அல்ல. இப்போது வளையத்தை வலப்பக்கம் ஒன்பது சொடுக்குத் திருப்புங்கள். நாலரை மணித்தியாலம். இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு அந்த முள், திருப்பும் முன் 15 இருந்த இடத்துக்கு நேரே நிற்கும். வளையத்தில் அதே இடத்தில் 10 க்கும் 11 க்கும் நடுப்பகுதி வந்திருக்கும். லண்டன் பத்தரை. தொட்டுப் பார்த்த மாதிரிச் சரி.

நிமிட முள் ஒன்றுதான் என்று நீலமுகப்பு அக்கா எழுதினார். உண்மை. ஆனால் 24 மணி முள் நிமிட முள்ளை நம்பி வாழ்வதில்லை. அது இரண்டு இலக்கத்துக்கு நடுவில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே நிமிடத்தைச் சொல்லிவிடும். நாம் தேடுவது அக்கா எழும்பிவிட்டாரா என்பது. அதற்கு அந்தத் துல்லியம் போதும்.

எங்கள் நேரம் அரையில் முடிவதால், முழு மணித்தியால நாடுகளுக்கெல்லாம் சொடுக்கு எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் வரும். டுபாய்க்கு வலம் மூன்று. சவூதிக்கு வலம் ஐந்து. ரொறன்ரோவுக்கு இப்போது வலம் 19, குளிர்காலத்தில் 21. சிங்கப்பூருக்கு இடம் ஐந்து.

இனி வயிற்றெரிச்சல். இன்றைய ரோலெக்ஸ் ஜிஎம்டி-மாஸ்டர் 2 இன் வளையம் 24 சொடுக்கு. ஒற்றைப்படை அரை மணி அதில் ஒருபோதும் விழாது. டியூடர் அதே வீட்டின் தம்பிதானே. அண்ணனிடம் இல்லாத ஒன்று தம்பியிடம் இருக்கிறது, விலையும் பாதிக்குக் குறைவு. நம்மை நினைத்துச் செய்தார்களா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் எடுத்துக்கொள்வோம்.

குறையையும் சொல்ல வேண்டும். 41 மிமீ அகலத்தை விட அதன் தடிப்புத்தான் தொல்லை. முழுக்கைச் சட்டையின் கை மடிப்புக்குள் போகாது. நான் கந்தோர் நாட்களில் மடிப்பை ஒரு பொத்தான் தளர்த்தியே போடுகிறேன்.

மழைக்கவசம், ஞாயிறு பிற்பகல் 3.04

இப்போதே என்னுடையதை எண்ணினேன். என்னுடையது சுழியோடி வளையம், 60 சொடுக்கு, ஒரு பக்கம்தான். சோகம்.

நீலமுகப்பு, ஞாயிறு பிற்பகல் 3.20

தோற்றுவிட்டேன், சாவிக்காரன். வளையம் எனக்குத் தோன்றவேயில்லை. கிராண்ட் செய்கோவுக்கு இப்போது இன்னொரு அடி: அதில் சுழலும் வளையமே இல்லை.

கனவு காண்பவர்களுக்கு ஒரு வரி: வச்செரோன் கொன்ஸ்தந்தீன் 2011 இல் 37 நேர வலயம் காட்டும் உலக நேர மணிக்கூடு ஒன்றைச் செய்தது, அரை மணி, கால் மணி எல்லாம் சேர்த்து. ஜெனீவா மணிக்கூட்டுக் கலைஞர் லூயி கொத்தியே 1930களில் உருவாக்கிய உலக நேர வட்டில் 24 நேர வலயம்தான். நேபாளத்தின் ஐந்தே முக்கால் வரைக்கும் கணக்கெடுக்க ஒரு கம்பனிக்கு எண்பது வருடம் பிடித்திருக்கிறது. விலையைக் கேட்டால் வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு எடுப்பதா, மணிக்கூடு எடுப்பதா என்ற பேச்சு முடிந்து, வீடு வாங்குவதா என்ற பேச்சு தொடங்கும்.

அஞ்சரை, ஞாயிறு இரவு 8.15

சாவிக்காரன் அண்ணை இன்று பின்னேரம் பம்பலப்பிட்டியில் தன் மணிக்கூட்டை என் கையில் கட்டிவிட்டார். அரை மணித்தியாலம் வைத்திருந்தேன். (ஆம், அரை.) ஒரு தேநீர் மட்டும் வாங்கிக் கொடுத்தேன், மனச்சாட்சி குத்துகிறது.

என் மணிக்கட்டு மெலிது. தடிப்பு உறுத்தியது. ஆனால் அந்தச் சொடுக்கு! ஒவ்வொன்றும் பூட்டுப் பெட்டி திறக்கிற மாதிரி. சும்மா இருக்கும்போதும் சுற்றிக்கொண்டேயிருக்கத் தோன்றியது. அண்ணை கையைப் பிடித்து நிறுத்தினார்.

லண்டனுக்கு ஒன்பது சொடுக்கு வலம் வைத்துவிட்டு, சிட்னிக்கு எத்தனை என்று எண்ணினேன். இடப்பக்கம் ஒன்பது. அதே எண். சரி, தற்செயல் என்று நினைத்தேன். பிறகு தை மாதத்துக்குக் கணக்குப் போட்டேன். லண்டன் வலம் பதினொன்று. சிட்னிக்கு அப்போது கோடை நேரம், இடம் பதினொன்று. மறுபடியும் அதே எண்! தம்பிக்கும் அக்காவுக்கும் சரியாக நடுவில் நாங்கள் இருக்கிறோம், ஆடியிலும் தையிலும். அவர்கள் மணிக்கூட்டை மாற்றும் மாதங்களில் மட்டும் சில கிழமை கொஞ்சம் முன்பின்னாகும். இந்த அரை மணி இல்லாமல் முழு மணித்தியாலமாக இருந்திருந்தால் இது வராது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஓம், தையில அஞ்சரை, ஆடியில நாலரை. அவனுக்குக் கழிக்கிறது, அவளுக்குக் கூட்டுறது. இதைக் கண்டுபிடிக்கவோ மணிக்கூடு வாங்கப் போறாய்?"

பழைய_நேரம், ஞாயிறு இரவு 8.31

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீலமுகப்பு, ஞாயிறு இரவு 8.44

முடிவு என்ன தம்பி?

அஞ்சரை, ஞாயிறு இரவு 9.10

கிராண்ட் செய்கோ போய்விட்டது, மனமில்லாமல்தான். 41 மிமீ டியூடர் என் கைக்குத் தடிப்பு. ஆகவே 58 ஜிஎம்டியும் லொஞ்சினும் மிச்சம். 58 ஜிஎம்டியின் அகலம் 39 மிமீ, தடிப்பு 12.8, அது சட்டைக்குள் போகும். ஆனால் சொடுக்கை நேரில் எண்ணாமல் காசு கொடுப்பதில்லை. தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு லண்டனில் கடைக்குப் போய் இரண்டின் வளையத்தையும் முழுச் சுற்றுச் சுற்றி எண்ணிச் சொல்லும்படி. "அண்ணை, விசரா?" என்று கேட்டான். போகிறேன் என்றும் சொன்னான்.

சாவிக்காரன், ஞாயிறு இரவு 9.14

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 48 வரை எண்ணுவது சுலபமில்லை. நடுவில் பேச்சுக் கொடுப்பார்கள். இருபத்துநாலில் நிறுத்தி, வளையத்தின் உச்சியில் இருந்த முக்கோணக் குறி கீழே ஆறு மணிப் பக்கம் வந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

அது சரி, அம்மாவிடம் ரொறன்ரோவுக்கு எத்தனை என்று கேட்டுப் பார்த்தீர்களா?

அஞ்சரை, ஞாயிறு இரவு 9.22

கேட்டேன். "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்றார்.